மாடு முதலில்

பகலில் கொழுந்து நிறுப்பவள் நான்.
எட்டாம் நம்பர் லயத்துக்கு மேலே
மழைமானி ஒன்றை நட்டுவிட்டு
இதையும் நீயே பார்த்துக்கொள் என்றார்கள்.
நனைந்த இலைக்குக் கிலோவுக்கு எவ்வளவு கழிப்பதென்று தெரியும்.
மழையில் எதைக் கழிப்பது?

காலை எட்டரைக்கு
கண்ணாடிக் குவளையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து
நோட்டில் எழுதவேண்டும்.
எனக்கு முன்னால் இருந்தவரின் சாய்ந்த கையெழுத்தில்
ஜூன் மாதம் முழுக்க
நான்கு, ஆறு, பதினொன்று, ஏழு, ஒன்பது.
என் பக்கத்தில்
பூஜ்யம்
பூஜ்யம்
பூஜ்யம்
நூற்று எண்பத்திரண்டு.

அதே மழைதான் என்கிறார் கதிர்காமு.
தவணையில் தந்துகொண்டிருந்தது,
இப்போது ரொக்கமாகத் தருகிறது.

ஒரே ராத்திரியில் நூறு தாண்டினால்
பெரட்டுக் களத்து மணியை அடி என்பது உத்தரவு.
அடித்தேன்.
நாற்பத்தாறு பேரும் நூற்று நாற்பது படி ஏறி
பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளை ஒட்டிப்போட்டுப் படுத்தோம்.
விடிந்தது.
மஞ்சூர்ப் பக்கம் வெயில் அடித்தது.
மலை அங்கேயே நின்றது,
குளிப்பாட்டித் துவட்டிய பிள்ளை மாதிரி.

இரண்டாம் தடவை சொர்ணத்தின் கோழிகளை எதுவோ கொண்டுபோனது.
மூன்றாம் தடவை
தூங்காத கண்ணோடு மலைக்குப் போய்
பாதிப்பேர் எடை குறைந்து நின்றார்கள்.
விழாத மலைக்கு
அரைப் பேராவது போடுவியா என்று கேட்டார்
செபமாலை.
வரிசை முழுக்கச் சிரித்தது.

நான்காம் தடவை பதினொரு பேர் வந்தார்கள்.
பள்ளிக்கூட வராந்தாவில் நின்று
கீழே எரியும் விளக்குகளை எண்ணினேன்.
எல்லாம் எரிந்துகொண்டிருந்தன.
அப்போது ஒரு நொடி
விழுந்துதான் தொலையட்டுமே என்று நினைத்தேன்.
அதை எந்த நோட்டிலும் எழுதவில்லை.

மறுநாளிலிருந்து
தராசில் கூடையை மாட்டும்போது ஒவ்வொருவராய்க் கேட்டேன்.
ஏன் வரலை?
உன்னை நம்பலை என்று ஒருவரும் சொல்லவில்லை.
கக்கூஸுக்கு விளக்கில்லை என்றாள் யோகம்மா.
மாமியாரை யார் தூக்குவது என்றாள் இன்னொருத்தி.
செபமாலை கூடையை இறக்கிவிட்டுக்
கொஞ்ச நேரம் தராசு முள்ளையே பார்த்தார்.
ரெண்டு மாடு, ஒன்று சினை.
அதைக் கட்டிப்போட்டுட்டு நான் மட்டும் ஏறவா?

மனு எழுதினோம்.
பேரிடர் எச்சரிக்கை என்று
பெரிய தகரப் பலகை ஒன்று வந்தது,
ஓடும் மனிதன் படத்தோடு.
பழைய ஃபேக்டரிக் கூரைத் தகடு நாலும் அதுவும் சேர்த்து
பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கொட்டகை போட்டோம்.
ஓடும் மனிதன் இப்போது மேற்குச் சுவர்.
ஞாயிற்றுக்கிழமைகளில் கான் தோண்டினோம்,
அடைத்துக்கிடந்த மண்ணை வாரி
வெட்டிவேர் நட்டோம்.
பாதி பிழைத்தது.
நாற்காலியில் இரண்டு மூங்கிலைக் கட்டி
மாமியாரைத் தூக்கிப் பழகினார்கள் பையன்கள்.
கிழவி ஏசிக்கொண்டே ஒத்திகைக்கு வந்தாள்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி, பதினொரு மணி.
குவளையை ஐந்து முறை கொட்டி அளந்து
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கூட்டினேன்.
நூற்று முப்பத்தொன்று.
மணிக்கயிற்றைப் பிடிக்கும்போதே
வேறொரு மணி கேட்டது,
சின்னது, கழுத்து மணி.
படிகளில் சினைமாடு ஏறிக்கொண்டிருந்தது.
அதன் பின்னால் செபமாலை,
அவருக்குப் பின்னால் குடைகள், நாற்காலி,
கிழவியின் ஏச்சு,
டார்ச் வெளிச்சங்கள்.
கீழே ஒரு விளக்கும் எரியவில்லை.

அன்றும் மலை விழவில்லை.
கடைசி வீட்டுச் சுவர்க் கீறலில்
சுண்டுவிரல் நுழைந்துகொண்டிருந்தது.
இப்போது பெருவிரல்.

காலை எட்டரைக்கு எழுதினேன்: நூற்று அறுபத்தெட்டு.
குறிப்பு என்ற கட்டத்தில் எப்போதும் கோடு போடுவேன்.
அன்று, நாற்பத்தாறு பேர், இரண்டு மாடு.

பிறகு இலை நிறுக்கப் போனேன்.
எல்லாம் சொட்டச் சொட்ட ஈரம்.
கிலோவுக்கு நூறு கிராம் கழித்தேன்.
செபமாலை
சண்டைக்கு வந்தார்.